கொதித்த பிறகு தொடலாம்

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி. ஆங், போதும். ஊத்து ஸ்டாப்புல ஏறுனா கொடைக்கானல் பஸ்ல உக்கார இடம் கிடைக்கிறதே பெருசு. நீங்களும் மேலதானே? நல்லதாப் போச்சு. நான் வட்டக்கானல். அங்க ஒரு கெஸ்ட் ஹவுஸ், நாலு ரூம், அதைப் பாத்துக்கிற ஆளு. பேரு தணிகாசலம். கொடைக்கானல் கிளப்புல பார்மேன் தணிகாசலம்னு கேட்டீங்கன்னா வயசானவுங்க யாரும் சொல்லுவாங்க. முப்பத்தோரு வருசம் ஊத்திக் குடுத்த கை இது. ஜட்ஜு குடிச்சிருக்கார், எஸ்டேட்காரங்க குடிச்சிருக்காங்க, ஒரு பாதிரியார்கூடக் குடிச்சிருக்கார், எந்தச் சர்ச்சுன்னு சொல்ல மாட்டேன். ஒருத்தர்கூட இந்தக் கை குடுத்ததை வேணாம்னு சொன்னதில்லை. அதை மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கேளுங்க.

இப்ப எங்க போயிட்டு வர்றேன்னா, எங்க கெஸ்ட் ஹவுஸ்ல சவரிமுத்துன்னு ஒருத்தன் வேலை பாத்தான். பதினெட்டு வருசம். ஊத்துல இருந்து உள்ள நடந்தா காலனி, அங்கதான் வீடு. திடுதிப்புனு வேலைக்கு வர்றதை நிறுத்திட்டான். கையோட கூட்டிட்டு வந்துரலாம்னு போனேன். வர மாட்டேன்னுட்டான். மதுரையில இருக்கிற ஓனரம்மா நேத்தே போன் போட்டுட்டாங்க. "சவரிமுத்து இல்லாம நீங்க ஒத்தையா என்ன பண்ணுவீங்க, பேசாம வீட்டைப் பூட்டிச் சாவியை அனுப்பிருங்க"ன்னு. அறுபத்திரெண்டு வயசுல சாவியை அனுப்பிட்டு நான் எங்க தம்பி போறது?

தப்பு யாரு மேலன்னு நீங்களே சொல்லுங்க. நடந்ததை நடந்தபடி சொல்றேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். பார்மேனுக்கு அளவு தப்பாது.

சவரிமுத்துக்கு என்ன வேலைன்னா, ஓடையில இருந்து வர்ற தண்ணிக் குழாயைப் பாக்கணும், விறகு கொண்டாரணும், ரூம் துடைக்கணும், பாத்திரம் கழுவணும், தோட்டம் பாக்கணும், வர்றவுங்க பையைத் தூக்கிட்டுச் சரிவுல இறங்கணும். மத்த வேலை பூராம் நான். மத்ததுன்னா, மேற்பார்வை.

வட்டக்கானலுக்கு இஸ்ரேல்காரங்க வர்றது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். முக்காவாசி சின்ன வயசுப் பிள்ளைங்க, கிதார், சடை, அப்படி. ஆனா இந்தத் தடவை வந்தது ஒரு குடும்பம். ஷிஃப்ரான்னு ஒரு அம்மா, அறுபத்தஞ்சு வயசிருக்கும், தலையில துணி கட்டிக்கிட்டு, கண்ணாடியைக் கயித்துல தொங்க விட்டுக்கிட்டு. மகனுங்க, மருமகளுங்க எல்லாம் சேத்துப் பத்துப் பேரு. வீட்டையே மொத்தமா எடுத்துக்கிட்டாங்க. அவுங்க வருசப்பிறப்பாம். ரோஷ் ஹஷானான்னு சொல்றாங்க, நம்ம புரட்டாசி வாக்குல வரும். ஆப்பிளைத் தேன்ல தொட்டுத் தின்னுட்டு, மாதுளம்பழம் தின்னுட்டு, வருசம் இனிப்பா இருக்கணும்னு வேண்டிக்குவாங்களாம். சாங்கியம் நல்லா இருக்குல்ல?

அந்தம்மாவுக்கு நான் பார்மேன்னு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. எப்படியோ என்ன, நான்தான் சொன்னேன். உடனே, "மிஸ்டர் தணிகாசலம், எங்க விருந்துக்கு ஒரு காக்டெயில் பண்ணித் தர முடியுமா? ஆனா கோஷரா இருக்கணும்"னு கேட்டாங்க. கிளப்பை விட்டு வந்து எட்டு வருசம் ஆச்சு தம்பி. எட்டு வருசமா ஆம்லெட்டும் ஜிஞ்சர் டீயும் போட்ட கைக்கு, அன்னைக்குத்தான் மறுபடியும் ரத்தம் ஓடுன மாதிரி இருந்துச்சு. கண்ணு கலங்கிருச்சு, உண்மையைச் சொல்றேன்.

கோஷர்னா என்னன்னு கேட்டீங்கன்னா, அவுங்க யூத மதத்து ஆசாரம். இதைத் தின்னலாம், இதைத் தின்னக்கூடாது, இதோட இதைச் சேக்கக்கூடாதுன்னு ஏகப்பட்ட சட்டம். மத்தவனா இருந்தா சலிச்சுக்குவான். எனக்குக் கேட்டவுடனே பிடிச்சுப்போச்சு. பஜார்ல புதுசா பன்னெண்டு கண்ணாடி கிளாசும் ஒரு பெரிய சட்டியும் வாங்கிட்டு வந்து, நேரா அருவிக்குக் கொண்டு போனாங்க. ஓடுற தண்ணியில முழுசா முக்கி எடுக்கணுமாம். சவரிமுத்து கூடையைத் தூக்கிட்டுப் பின்னாலயே போனான். என்னோட ஷேக்கர், கிளப்புல கடைசி நாள் செக்ரெட்டரி என் கையில குடுத்தது, அதை வென்னீர்ல போட்டு அரைமணி நேரம் கொதிக்க விட்டாங்க. எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னு இருந்துச்சு. சரி, சுத்தம்தானேன்னு விட்டுட்டேன்.

அப்புறம் புதினா. ஒவ்வொரு இலையா ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்குறாங்க. பூச்சி ஒண்ணு இருந்தாலும் ஆகாதாம். மூணாவது இலையில ஒண்ணு, அஞ்சாவது இலையில ரெண்டு. முப்பத்தோரு வருசம் புதினா போட்டிருக்கேன், அதுல இம்புட்டு உயிர் குடியிருக்குன்னு அன்னைக்குத்தான் பாத்தேன். அந்த ஜட்ஜு எத்தனை குடிச்சாரோ. கட்டோட தூக்கிப் போட்டுட்டாங்க.

நான் பெருமையா சொன்னேன், "எங்க வீட்டுலயும் கோஷர் உண்டும்மா"ன்னு. அந்தம்மாவுக்கு ஒரே சந்தோசம். "அப்படியா, உங்க சட்டம் என்ன, எந்தெந்தப் பொருள் ஆகாது?"ன்னு கேட்டாங்க. "பொருள்ல ஒண்ணும் இல்லைம்மா, ஆளுலதான்"னேன். புரியலை அவுங்களுக்கு. சமையக்கட்டுக்குப் பின்னால ஜன்னல் கட்டையில ஒரு டம்ளர் இருக்கும், சவரிமுத்தோடது. அதைக் காட்டினேன். நான் ஒரு நாளும் அவனை அங்க வைன்னு சொன்னதில்லை தம்பி. நான் இங்க வேலைக்கு வந்த மொத நாளே அவனா எடுத்து அங்க வச்சுக்கிட்டான். அவனுக்கும் ஒரு முறை தெரியும்ல. ஷிஃப்ராம்மா அந்த டம்ளரையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்தாங்க. சரி, நம்ம ஆசாரத்தை மதிக்கிறாங்கன்னு நெனைச்சுக்கிட்டேன்.

இது பெருமாள்மலை. இங்க பத்து நிமிசம் போட்டுருவான். இருங்க, சொல்லி முடிச்சுர்றேன்.

காக்டெயிலுக்கு நான் போட்ட கணக்கு இதுதான். மாதுளம்பழச் சாறு, எலுமிச்சை, மலைத்தேன், ஒரு அளவு ரம்மு. ரம்மு கரும்புச் சரக்கு, அதுல வில்லங்கம் இல்லைன்னாங்க. இதுக்கெல்லாம் அடியில சிவப்பு ஒயினு. அவுங்க ஊர்ல இருந்தே ரெண்டு பாட்டில் பத்திரமா துணியில சுத்திக் கொண்டு வந்திருந்தாங்க. நான் கார்க் எடுக்கிற ஸ்க்ரூவை எடுத்துக்கிட்டு ஒரு பாட்டிலைப் பிடிச்சேன் பாருங்க, "நோ, நோ, மிஸ்டர் தணிகாசலம், அதை மட்டும் நீங்க திறக்க வேணாம்"னாங்க.

ஏன்னு கேட்டேன். அந்தம்மா மூஞ்சி செவந்துபோச்சு. தப்பா நெனைக்காதீங்க, இது ரொம்பப் பழைய சட்டம், அந்தக் காலத்துல மத்தவுங்க ஒயினைச் சிலைக்குப் படைப்பாங்கங்குறதால வந்தது, எங்க ஆளுங்க இல்லாதவுங்க திறந்து ஊத்துன ஒயினு எங்க மேஜைக்கு ஆகாது, உங்களை வச்சு இல்லை, அப்படி இப்படின்னு மென்னு முழுங்குறாங்க.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. நான் என்ன கண்ட கண்ட வேலை பாத்த கையா வச்சிருக்கேன்? விடியக்காலம் பச்சைத் தண்ணியில குளிச்சு, திருநீறு பூசி, அதுக்கப்புறம்தான் அடுப்பு மூட்டுறவன். என் கை பட்டா கெட்டுப்போகுமாம். பொறந்த பொறப்பை வச்சு ஒரு மனுசனை எட்டி நில்லுன்னு சொல்றது என்ன நியாயம் தம்பி? இந்தக் காலத்துலயும் இப்படி இருக்காங்களேன்னு நெஞ்செல்லாம் எரிஞ்சுச்சு.

என் மூஞ்சியைப் பாத்து அந்தம்மாவுக்கும் புரிஞ்சுருச்சு. "ஒரு வழி இருக்கு"ன்னாங்க. ஒயினைக் கொதிக்க வச்சுட்டா அந்தச் சட்டம் கிடையாதாம். அப்புறம் யாரு வேணாலும் தொடலாம், ஊத்தலாம். அவுங்களே ஒரு பாட்டிலைத் திறந்து, அவுங்களே அடுப்பைப் பத்த வச்சு, புதுச் சட்டியில ஊத்தி, பேரிக்கா, பட்டை, கிராம்பு, இஞ்சி போட்டு நல்லா தளதளன்னு கொதிக்க விட்டாங்க. வீடே மணக்குது. இறக்கி வச்சுட்டு, "இனிமே இது உங்க கையில, மிஸ்டர் தணிகாசலம்"னு சிரிச்சாங்க.

நான் சிரிக்கலை. அவுங்க ஆசாரத்து மேல எனக்கு இருந்த மரியாதையும் அதோட போச்சு. ஒரு கொதியில தீந்து போறதெல்லாம் ஒரு ஆசாரமா? எங்க வீட்டுலயெல்லாம் எத்தனை கொதி கொதிச்சாலும் ஆகாதது ஆகாததுதான். ஆயுசுக்கும் மாறாது.

சரி, ஒரு பாட்டில் கொதிச்சுருச்சு. இன்னொண்ணு விருந்துக்கு. மொதல்ல அதுல ஒரு கிண்ணம் ஊத்தி, வீட்டுப் பெரியவுங்க கையில பிடிச்சு மந்திரம் சொல்லித்தான் சாப்பாட்டுலயே கை வைப்பாங்களாம். அதை மேஜை மேல வச்சுட்டு எல்லாரும் குளிக்கப் போயிட்டாங்க. நான் இருக்கேன், பாட்டில் இருக்கு. நான் கெட்டது நெனைக்கலை தம்பி. ஒயினோட மணம் தெரியாம ஒரு பார்மேன் எப்படி அளவு போடுவான்? திறந்தேன். ஒரே ஒரு ஸ்பூன் ஊத்தி நாக்குல வச்சேன். மூடிட்டேன். இடி விழலை, ஒண்ணும் விழலை. அதைப் பாக்கணும்னும் ஒரு சின்ன ஆசை, இல்லைன்னு சொல்லலை.

ஷிஃப்ராம்மா வந்தாங்க. தலையைத் துவட்டிக்கிட்டே பாட்டிலைப் பாத்தாங்க. மூடி தளர்ந்திருக்கு. "இதை யார் திறந்தது?"ன்னாங்க. அந்தக் குரல்ல கோவம்கூட இல்லை. அழப்போற குரல்.

எனக்கு வாயில சட்டுனு வந்துருச்சு. "சவரிமுத்துவா இருக்கும்மா"ன்னுட்டேன்.

பொய்யின்னு நீங்க சொல்ல முடியாது. 'இருக்கும்'னுதான் சொன்னேன். அவன் அந்நேரம் பாத்துப் பின் வாசல்ல நிக்கிறான். நாப்பது மாதுளம்பழம் உரிச்ச கை, முழங்கை வரைக்கும் செக்கச் செவேல்னு. என்னை ஒரு பார்வை பாத்தான். நான்தான் திறந்தேன்னு அவனுக்குத் தெரியும், கதவுகிட்டதானே உக்காந்து உரிச்சுக்கிட்டிருந்தான். ஆனா வாயைத் திறக்கலை. அதுவே ஒரு திமிர்தானே? மனசுல ஒண்ணுமில்லாதவன்னா பேச வேண்டியதுதானே.

அந்தம்மா அவன்கிட்ட, "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, கடல் தாண்டிக் கொண்டு வந்தது"ன்னு மட்டும் சொன்னாங்க. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். எனக்கு மனசு கேக்கலை. ஆறுதல் சொல்லலாம்னு, "வருத்தப்படாதீங்கம்மா, அவனைத்தான் நான் சமையக்கட்டுக்குள்ளயே விடுறதில்லை, இனிமே கண்டிச்சு வைக்கிறேன்"னேன். அப்ப அந்தம்மா ஒண்ணு சொன்னாங்க பாருங்க.

"அவர் திறந்தா என்ன, நீங்க திறந்தா என்ன மிஸ்டர் தணிகாசலம், என் சட்டத்துக்கு நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

ரெண்டு பேரும் ஒண்ணாம். கேட்டுக்கிட்டீங்களா? நானும் அவனும். என் கை பட்டா ஆகாதுன்னு சொன்னதைக்கூட நான் பொறுத்துக்கிட்டேன். அவுங்க ஊர் வழக்கம், போகட்டும். ஆனா தராசுல ஒரே தட்டுல தூக்கி வச்சுட்டாங்களே தம்பி, அதைத்தான் இன்னைக்கு வரைக்கும் என்னால முழுங்க முடியலை. அதுவும் அவன் காது கேக்க. இங்கிலீஷ் அவனுக்கு நல்லாவே புரியும், பதினெட்டு வருசமா வெள்ளைக்காரங்க பையைத் தூக்குறான்ல.

மந்திரம் சொல்ல ஒயின் இல்லை. கடைசியில அந்தக் கொதிச்ச ஒயினை வச்சே சொல்லிரலாம்னு முடிவு பண்ணாங்க. ஆக, என் காக்டெயிலுதான் விருந்துக்கே பிரதானமா வந்து நின்னுச்சு. நான் ஒரு கோவத்தையும் காட்டிக்கலை. அளந்து ஊத்தி, தேனைக் கரைச்சு, ஷேக்கரைக் குலுக்குன குலுக்குல மருமகளுங்கெல்லாம் எட்டிப் பாத்தாங்க. பன்னெண்டு கிளாசு. பேரிக்காத் துண்டு ஒண்ணு, மாதுளை முத்து நாலு, அந்திச் சூரியன் ஜன்னல் வழியா விழுகுது, என்ன நெறம்ங்குறீங்க. ஷிஃப்ராம்மா கிளாசைப் பிடிச்சுக்கிட்டுப் பாட்டு மாதிரி மந்திரம் சொன்னாங்க. குடிச்சாங்க. கண்ணை மூடிக்கிட்டாங்க. "இந்த வருசம் இனிப்பாத்தான் இருக்கும்"னாங்க. கிளப்புல முப்பத்தோரு வருசத்துல அப்படி ஒரு வார்த்தை எனக்கு யாரும் சொன்னதில்லை.

அதோட முடிஞ்சிருந்தா நான் இப்ப இந்த பஸ்ல உக்காந்து உங்க உசுரை வாங்கிக்கிட்டிருக்க மாட்டேன். மிச்சம் இருக்கிற ரெண்டு கிளாசும் யாருக்குன்னு நெனைக்கிறீங்க? என்னையும் கூப்பிட்டாங்க, பின்னால பாத்திரத்தோட நின்னவனையும் கூப்பிட்டாங்க. ஒரே தட்டு, ஒரே மாதிரி கிளாசு. எடுத்து அவன் கையில குடுத்துட்டு, ஷிஃப்ராம்மா அவன் முன்னால நின்னு சொல்றாங்க. எங்க வருசப்பிறப்புல இருந்து பத்து நாள், மனுசங்களுக்கு மனுசங்க பண்ணுன தப்புக்கு நேர்ல போய் மன்னிப்புக் கேக்கணும், அதைக் கேக்காம ஆண்டவன்கிட்டப் போனா அவர் எடுத்துக்க மாட்டார், நான் உங்ககிட்ட விசாரிக்காமலே பேசிட்டேன், என்னை மன்னிச்சுருங்கன்னு. அவன் பதறிப்போய், "அய்யோ அம்மா, அதெல்லாம் வேணாம்மா"ங்குறான்.

அப்புறம் என் பக்கம் திரும்பி, உங்க மனசும் நோகும்படி ஆயிருச்சு, மன்னிச்சுருங்கன்னாங்க. நான் பெரிய மனசு பண்ணி, "மன்னிச்சேம்மா"ன்னேன். சபையில அப்படித்தானே நடந்துக்கணும்?

எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க. பத்துப் பேரு. சவரிமுத்து கிளாசைக் கையில வச்சுக்கிட்டு, குடிக்காம, என்னையவே பாத்துக்கிட்டு நிக்கிறான். எவ்வளவு நேரம் நின்னிருப்பான், ஒரு நிமிசம் இருக்குமா? ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்துச்சு தம்பி, இல்லைன்னு சொல்ல மாட்டேன். வெளிய வரும்போது அது வேற மாதிரி வந்துருச்சு. "என்னடா மரம் மாதிரி நிக்கிற, அங்க சட்டி கெடக்கு பாரு, போய்க் கழுவு"ன்னேன்.

அவன் கிளாசை மேஜையில வச்சான். ஒரு சொட்டுக் குறையலை. போனான். எல்லாப் பாத்திரத்தையும் கழுவிக் கவுத்தான். கை துடைக்கிற துண்டை மடிச்சுக் கொடியில போட்டான். மறுநாள் வரலை. அதுக்கு மறுநாளும் வரலை. இன்னைக்கு எட்டாவது நாளு. குழாய்ல தண்ணி நின்னு நாலு நாளாச்சு. அடுத்த வாரம் வர்றதா இருந்த பதினாலு பேரு வேற வீடு பாத்துட்டாங்க.

அதனால கௌரவம் பாக்காம நானே கிளம்பினேன். ஒரு வாழைத்தாரு வாங்கிக்கிட்டேன். காலனிக்குள்ள இந்த எட்டு வருசத்துல இன்னைக்குத்தான் தம்பி மொதத் தடவையா காலெடுத்து வைக்கிறேன். வீடு சுத்தமாத்தான் வச்சிருக்கான், குறை சொல்லக்கூடாது. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்தான். நாற்காலி போட்டான். அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்கெல்லாம் வாசல்ல வந்து நின்னுட்டாங்க. நான் வளவளன்னு பேசலை. "இந்தா பாரு சவரிமுத்து, பழசை மனசுல வச்சுக்காத. நானும் மறந்துட்டேன்"னேன்.

"நீங்க மறந்துட்டீங்க"ன்னான்.

அதுக்குள்ள அவன் பொண்டாட்டி செல்வமேரி காப்பி கொண்டு வந்துருச்சு. சில்வர் டம்ளர்ல, ஆவி பறக்க. சவரிமுத்து அதை வாங்கி என் கையில குடுத்துட்டுச் சொன்னான். "அந்த பாட்டிலைப் பத்தி நான் கேக்க மாட்டேன். மன்னிப்பும் வேணாம். இங்க உக்காந்து இந்தக் காப்பியைக் குடிங்க. நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்கு வந்துர்றேன்."

அவ்வளவுதான் கேட்டான். அந்த ஒரு டம்ளர்ல என் சாவி இருக்குன்னு எனக்குத் தெரியாதா? டம்ளரைக் கையில வாங்கினேன். வாய் வரைக்கும் கொண்டு போனேன்னே வச்சுக்கங்க. தெருவே பாக்குது. முடியலை தம்பி. "இன்னைக்குப் புரட்டாசிச் சனி, விரதம்"னேன்.

"விரதத்துக்குக் காப்பி குடிக்கலாமேங்க"ன்னுச்சு அந்தப் பொண்ணு.

"ஊத்து டீக்கடையில இப்பத்தானே ரெண்டு பஜ்ஜியும் டீயும் சாப்பிட்டு வந்தீங்க, எங்க மச்சான் பாத்துட்டு வந்து சொன்னான்"னான் சவரிமுத்து. சத்தம் போட்டெல்லாம் சொல்லலை. சும்மா தகவல் சொல்ற மாதிரி. அவன் என் கையில இருந்த டம்ளரைத் திருப்பி வாங்கி, எனக்கு முன்னால நின்னே கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சான். "நேரமாச்சு, பஸ் வந்துரும், கிளம்புங்க"ன்னான். எட்டு வருசமா வாய்க்கு வாய் அய்யா, அய்யாம்பான். அந்தச் சொல்லு வரலை.

வாழைத்தாரையும் திருப்பிக் குடுத்துட்டான். மேல கட்டி வச்சிருக்கேன் பாருங்க, அதான்.

நீங்க படிச்ச பிள்ளையாத் தெரியுறீங்க, அதனாலதான் கேக்குறேன். ஒரு டம்ளர் காப்பி. ஒருத்தரு தன் கையால குடுத்ததை இன்னொருத்தரு வாங்கிக் குடிக்கலைங்குறதுக்காக, மனுசனுக்கு அம்புட்டு ரோசம் வரலாமா?